மூடிய ஓட்டு, திறந்த பெயர்: ஒரு குடும்ப மாஃபியா ஆட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்கள் குடும்பம் இப்போது நான்கு மாவட்டங்களில் இருக்கிறது. யாரும் வீடு மாறியதால் அல்ல. 1989 வரை எல்லாமே வட ஆற்காடு. அந்த ஆண்டு ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போனது. 2019 நவம்பரில் ஆம்பூர் திருப்பத்தூருக்கும், வாலாஜா ராணிப்பேட்டைக்கும் போயின. காட்பாடியும் குடியாத்தமும் வேலூரிலேயே நின்றன. கோடை விடுமுறையில் பாட்டி வீட்டு முற்றத்தில் சீட்டு எழுதிக் குலுக்கி ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் ஆடியவர்கள்தான் நாங்கள் எல்லாரும். பாட்டி போன பிறகு அந்த வீடும் போயிற்று. கைப்பேசிக் குழு ஒன்று மட்டும் மிஞ்சியது.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், ஆரணி அண்ணியின் மகள் குழுவில் மாஃபியா ஆடலாம் என்றாள். 1980களின் பின்பாதியில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்து உளவியல் மாணவர் திமித்ரி தாவிதோவ் உருவாக்கிய ஆட்டம் அது. 1997இல் ஆண்ட்ரூ ப்ளாட்கின் மாஃபியாவுக்குப் பதில் ஓநாய்களைப் போட்டார். 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு ஆடிய ‘அமாங் அஸ்’ என்ற இணைய விளையாட்டும் இதே வம்சம்தான். திருடன் யாரென்று போலீஸ் மட்டும் கண்டுபிடிப்பது எங்கள் பழைய ஆட்டம். இதில் ஊரே கூடி ஓட்டுப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆடியவர்கள் ஒன்பது பேர்: காட்பாடியில் இருக்கும், தலைமையாசிரியராக ஓய்வுபெற்ற பெரிய மாமா, சார்ஜாவில் வேலை பார்க்கும் சின்ன மாமா, குடியாத்தத்து அத்தை, ஆம்பூரில் தோல் காலணித் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கும் அண்ணன், ராணிப்பேட்டை அக்கா, வாலாஜா மச்சான், பெங்களூருவில் இருக்கும் தம்பி, ஆரணி அண்ணி, பிளஸ் டூ முடித்திருந்த அண்ணியின் மகள். ஆட்டத்தை நடத்தியவன் நான். எனக்கு வைத்த பெயர் ‘கண்டக்டர்’.

விதிகள்

இரண்டு பேர் மாஃபியா, ஒருவர் போலீஸ், ஒருவர் டாக்டர், மீதி ஐந்து பேர் ஊர்க்காரர்கள். யாருக்கு எந்த வேடம் என்பதை நான் தனித்தனியாக அனுப்பிவிடுவேன். பகலில் பேச்சு, இரவு 10 மணிக்கு ஓட்டு முடிவு. அதிக ஓட்டு வாங்கியவர் வெளியேறுவார், வேடமும் தெரிந்துவிடும். சமநிலை வந்தால் யாரும் போக வேண்டாம். அதன்பின் ‘இரவு’: ஆட்டத்திலிருந்து அனுப்ப மாஃபியா கட்டாயம் ஒருவரின் பெயரை எனக்குத் தர வேண்டும், அது தங்கள் பெயராக இருக்கக் கூடாது. போலீஸ் ஒருவரைப் பற்றி, அவர் மாஃபியாவா என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். டாக்டர் ஒருவரைக் காப்பாற்றலாம். தன்னையே காப்பாற்றிக்கொள்ளக் கூடாது, ஒரே ஆளைத் தொடர்ந்து இரண்டு இரவு காப்பாற்றவும் கூடாது. மாஃபியாவும் மற்றவர்களும் எண்ணிக்கையில் சமமானால் மாஃபியா வென்றதாகக் கணக்கு.

ஊர் எவ்வளவு பலவீனமானது என்பதை ஒரு கணக்கு காட்டும். போலீஸும் டாக்டரும் இல்லாமல், பகலில் சீட்டுக் குலுக்கி ஆளை அனுப்பினால், 9 பேரில் 2 மாஃபியா வெல்லும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம். 2008இல் கணிதவியலாளர்கள் மூவர் இந்த ஆட்டத்தை ஆராய்ந்து ஒன்றை நிறுவினார்கள்: துப்பறிபவர் (எங்கள் ஆட்டத்தில் போலீஸ்) இல்லாத ஆட்டத்தில், மொத்தப் பேரின் வர்க்கமூலம் அளவுக்கு மாஃபியா இருந்தாலே இரு பக்கமும் ஈடாகிவிடும். துப்பறிபவர் ஒருவர் வந்துவிட்டால், மாஃபியா மொத்தத்தில் ஒரு கணிசமான பங்காக இருந்தால்தான் ஈடுகொடுக்க முடியும். ஆக, ஊரின் பெரிய சொத்து போலீஸ்காரரின் வாயில் இருக்கிறது. இதை நான் மூன்றாம் ஆட்டம் முடிந்த பிறகுதான் உணர்ந்தேன்.

முதல் ஆட்டம்: குழுவிலேயே ஓட்டு

முதல் ஆட்டத்தில் ஓட்டைக் குழுவிலேயே வெளிப்படையாகப் போட்டோம். ஏழு மணிச் செய்தி முடிந்ததும் பெரிய மாமா ஒரு பெயரை எழுதுவார். பத்து நிமிடத்தில் நான்கைந்து பேர் அதே பெயரை எழுதிவிடுவார்கள். 9 பேரில் 5 ஓட்டு விழுந்துவிட்டால் மீதிப் பேர் என்ன எழுதி என்ன?

முதல் நாள் போனவர் சின்ன மாமா. சார்ஜா கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அவர் வேலை முடிந்து குழுவைத் திறந்தபோது வெளியேறியிருந்தார். “என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்று மட்டும் எழுதினார். மூன்று நாளும் ஊர் தவறான ஆளையே அனுப்பியது. மூன்றாம் நாளே ஆட்டம் முடிந்தது.

மாஃபியா ராணிப்பேட்டை அக்காவும் மச்சானும். குழுவின் பதிவைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தேன். மூன்று நாளும் அவர்கள் ஓட்டு மூன்றாவதாகவோ நான்காவதாகவோ விழுந்திருந்தது. முதலில் போட்டால் காரணம் கேட்பார்கள். கடைசியில் போட்டால் எங்கே இருந்தாய் என்பார்கள். நடுவில் நுழைபவரை யாரும் பார்ப்பதில்லை. பெரிய மாமாவின் மேல் தவறில்லை, அவர் தமக்குத் தோன்றியதைச் சொன்னார். அவரை மறுத்து இன்னொரு பெயர் எழுத யாருக்கும் மனம் வரவில்லை என்பதுதான் அங்கே நடந்தது.

இரண்டாம் ஆட்டம்: ரகசிய ஓட்டு

எனவே இரண்டாம் ஆட்டத்தில் ஓட்டை எனக்குத் தனியாக அனுப்பச் சொன்னேன். எண்ணிக்கையை மட்டும் அறிவிப்பேன், யார் யாருக்குப் போட்டார்கள் என்பதைச் சொல்ல மாட்டேன். மரியாதையின் அழுத்தம் போய்விடும் என்று எண்ணினேன். போயிற்று. அதோடு வேறொன்றும் போயிற்று.

முதல் நாள் வெளியேறியவருக்கு 4 ஓட்டு விழுந்திருந்தது. மறுநாள் குழுவில் “நான் போடவில்லை” என்று எழுதியவர்கள் ஆறு பேர். ஒன்பதில் நான்கு போனால் ஐந்து. ஒருவராவது பொய் சொல்கிறார். அந்தப் பொய் மாஃபியாவின் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உறவில் மனக்கசப்பு வேண்டாம் என்று சொன்ன பொய்யாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஊருக்கு எந்த வழியும் இல்லை. தேர்தலில் வாக்காளரைப் பாதுகாக்கும் ரகசியம், இந்த ஆட்டத்தில் திருடனைப் பாதுகாக்கிறது. மாஃபியா இருவரில் ஒருவர்கூட மாட்டவில்லை.

இரண்டாம் நாள் வெளியேற்றப்பட்ட குடியாத்தத்து அத்தை, தனக்கு யார் யார் போட்டார்கள் என்று என்னிடம் கேட்டார். விதிப்படி சொல்ல முடியாது என்றேன். “உன் அப்பாவைத் தூக்கி வளர்த்தவள்டா நான், எனக்கே விதி சொல்கிறாயா?” என்று கேட்டுவிட்டுக் குழுவிலிருந்து விலகினார். இரண்டு நாள் கழித்து நான் பேசிய பிறகு திரும்பி வந்தார். நிபந்தனை ஒன்றுதான்: யார் யாருக்குப் போட்டார்கள் என்று பெயரோடு தெரிய வேண்டும்.

மூன்றாம் ஆட்டத்தின் விதி அந்தக் கோபத்தில் பிறந்தது. ஓட்டை 9.50க்குள் எனக்குத் தனியாக அனுப்ப வேண்டும். 10 மணிக்கு எல்லா ஓட்டையும் பெயரோடு ஒரே நேரத்தில் குழுவில் திறப்பேன். யாரையும் பார்த்துப் போட முடியாது, போட்டதை மறைக்கவும் முடியாது. ‘யாரும் வேண்டாம்’ என்ற ஓட்டையும் சேர்த்தோம். 2013இல் வந்த நோட்டா போன்றது என்று சிலர் நினைத்தார்கள். வித்தியாசம் உண்டு: சட்டமன்றத் தேர்தலில் நோட்டா முதலிடம் பெற்றாலும் அடுத்து வருபவர் வென்றுவிடுவார். எங்கள் ஆட்டத்தில் ‘யாரும் வேண்டாம்’ முதலிடம் பெற்றால் உண்மையிலேயே யாரும் போக வேண்டாம்.

மூன்றாம் ஆட்டம்

மாஃபியா ஆம்பூர் அண்ணனும் பெங்களூரு தம்பியும். போலீஸ் ராணிப்பேட்டை அக்கா. டாக்டர் குடியாத்தத்து அத்தை.

முதல் நாள். எந்தத் தகவலும் இல்லாத நாள். அண்ணியின் மகள் குடவோலை போடலாம் என்றாள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை பெரும்பான்மை ஓட்டு அல்ல, குலுக்கல்தான் என்று பெரிய மாமா விளக்கத் தொடங்கி, அரை மணி நேரம் அதிலேயே போனது. மச்சானுக்கு 3 (பெரிய மாமா, அண்ணன், அத்தை), சின்ன மாமாவுக்கு 2 (அக்கா, தம்பி), தம்பிக்கு 2 (அண்ணி, மகள்), பெரிய மாமாவுக்கு 1 (மச்சான்), அண்ணனுக்கு 1 (சின்ன மாமா). மச்சான் வெளியேறினார், ஊர்க்காரர். பெரிய மாமா போட்டும் அவர் பின்னால் இருவர்தான் நின்றார்கள். முதல் ஆட்டத்தோடு ஒப்பிட்டால் விதி வேலை செய்தது. இரவில் மாஃபியா பெரிய மாமாவை அனுப்பியது. போலீஸ் அக்காவும் அன்றிரவு அவரைப் பற்றியே கேட்டிருந்தார். ஒரு கேள்வி வீண்.

இரண்டாம் நாள். மீதி 7 பேர். தம்பி அதிகம் பேசவில்லை என்று மாலையில் பேச்சு எழுந்தது. தம்பிக்கு 4 (அண்ணி, மகள், அக்கா, அண்ணன்), சின்ன மாமாவுக்கு 2 (தம்பி, அத்தை), அண்ணனுக்கு 1 (சின்ன மாமா). தம்பி வெளியேறினான், மாஃபியா. குழுவில் பட்டாசுப் படங்கள் வெடித்தன.

பட்டியலைப் பாருங்கள். அண்ணன் தன் ஓட்டைச் சின்ன மாமாவுக்குப் போட்டிருந்தால் 3க்கு 3, சமநிலை, தம்பி தப்பியிருப்பான். கூட்டாளியை அனுப்பிய ஓட்டே அண்ணன் போட்டதுதான். அந்த ஓட்டைப் பார்த்த பிறகு அவரை யார் சந்தேகிப்பார்கள்? தேர்ந்த ஆட்டக்காரர்கள் மூழ்கும் கூட்டாளியை வேண்டுமென்றே பலி கொடுத்து நல்ல பெயர் வாங்குவதுண்டு. அண்ணனும் அதைத்தான் செய்தார் என்று நான் நினைத்தேன். பிறகு கேட்டபோது சிரித்தார். மாலையில் தம்பியைக் குறை சொன்ன அத்தை அவனுக்குத்தான் போடுவார் என்று எண்ணி, எப்படியும் போகப்போகிறான், நானும் சேர்ந்து போட்டுவிடுகிறேன் என்று போட்டிருக்கிறார். அத்தை கடைசி நேரத்தில் மனம் மாறினார். கணக்காளர் கணக்கில் சறுக்கினார், சறுக்கல் அவருக்கே கவசமாகிவிட்டது.

அன்றிரவு மாஃபியா குறிவைத்தது அண்ணியின் மகளை. அத்தை காப்பாற்றியதும் அவளைத்தான். யாரும் சாகவில்லை என்று மட்டும் அறிவித்தேன். அக்கா கேட்டது சின்ன மாமாவைப் பற்றி: குற்றமற்றவர்.

மூன்றாம் நாள். ஆட்டம் கைநழுவியது இங்கேதான். அண்ணன், அக்கா, அத்தை, சின்ன மாமா, அண்ணி, மகள் என ஆறு பேர். ஒரே ஒரு மாஃபியா. சின்ன மாமா நல்லவர் என்று அக்காவுக்குத் தெரியும். தான் காப்பாற்றியவள் மாஃபியாவின் குறி, ஆகவே அவள் மாஃபியா அல்ல என்று அத்தைக்குத் தெரியும். இருவரும் வாய் திறந்திருந்தால் சந்தேகத்துக்குரியவர்கள் அண்ணனும் அண்ணியும் மட்டுமே. இன்று ஒருவர், தவறினால் நாளை மற்றவர். தோற்க வழியே இல்லை. அண்ணன் போட்டிக்கு “நான்தான் போலீஸ்” என்று கிளம்பியிருந்தாலும் சந்தேகம் அந்த இரண்டு போலீஸுக்குள் அடங்கியிருக்கும்.

இருவரும் பேசவில்லை. வெளியே சொன்னால் இரவில் தன்னை அனுப்பிவிடுவார்கள் என்று அக்கா பயந்தார். மாஃபியாவைக் கண்டுபிடித்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தார். அத்தைக்கும் அதே பயம். சின்ன மாமாவுக்கு 3 ஓட்டு (அண்ணன், அத்தை, அண்ணி), அண்ணிக்கு 2 (அக்கா, மகள்), அண்ணனுக்கு 1 (சின்ன மாமா). சின்ன மாமா வெளியேறினார்.

மூன்று நாளும் சரியான ஆளுக்கு ஓட்டுப் போட்டவர் அவர் ஒருவர்தான். காரணம் எழுதியதே இல்லை. வேலை முடிந்து பேருந்தில் வரும்போது பெயரை மட்டும் தட்டி அனுப்புவார். ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார், இது பழைய நிலத் தகராறு என்றுகூட ஒருவர் கேலி செய்தார். பின்னால் அவர் சொன்ன காரணம்: “எதைக் கேட்டாலும் ‘ம்’ என்று ஒரே எழுத்தில் பதில் போடுகிறவன், முதல் நாளிலிருந்தே முற்றுப்புள்ளி வைத்து முழு வாக்கியமாக எழுதிக்கொண்டிருந்தான்.” குழுவைத் திரும்பப் படித்தேன். உண்மைதான்.

மூன்றாம் இரவு. அக்கா அண்ணியைப் பற்றிக் கேட்டார், குற்றமற்றவர். அதைச் சொல்ல அவருக்கு மறுநாள் கிடைக்கவில்லை. அன்றிரவே மாஃபியா அவரை அனுப்பியது.

நான்காம் நாள். அண்ணன், அத்தை, அண்ணி, மகள். அண்ணியின் மகள் ஒரு கணக்கை எழுதினாள்: “நான்கு பேரில் ஒருவர் மாஃபியா. குருட்டாம்போக்கில் போட்டால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தவறினால் மூவர், இரவில் இருவர், ஆட்டம் முடிந்தது. இன்று யாரையும் அனுப்பாவிட்டால் இரவில் மூவர். நாளை மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. டாக்டர் இருந்தால் அதற்கும் மேல்.” கணக்கு சரி. எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்போது ஊர் ஓட்டைத் தள்ளிப்போடுவது லாபம் என்பது இந்த ஆட்டத்தின் அறியப்பட்ட குணம்.

“கையில் இருக்கும் ஓட்டை வீணாக்கச் சொல்கிறாயா?” என்று அண்ணன் கேட்டார். “தள்ளாத வயதிலும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர் என் அம்மா. ஓட்டுப் போடாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை” என்றார் அத்தை. முடிவு: ‘யாரும் வேண்டாம்’ 2 (மகள், அண்ணி), அண்ணிக்கு 1 (அண்ணன்), அண்ணனுக்கு 1 (அத்தை). யாரும் போகவில்லை. இரவில் மாஃபியா அனுப்பியது அத்தையை. யாரைக் காப்பாற்றினார் என்ற தகவலை அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

ஐந்தாம் நாள். அண்ணன், அண்ணி, மகள். மகள் ஒரு தாளில் நான்கு நாள் ஓட்டையும் எழுதி வைத்திருந்தாள். தகவல் இல்லாத முதல் நாளிலேயே தம்பிக்குப் போட்டவர் தன் அம்மா. அண்ணன் தம்பிக்குப் போட்டது இரண்டாம் நாளில் மட்டும். அண்ணனுக்கு ஓட்டுப் போட்ட அத்தை அன்றிரவே போனார். அவள் அண்ணனுக்குப் போட்டாள்.

அண்ணி போட்டது மகளுக்கு.

10 மணிக்குத் திறந்தேன்: மகளுக்கு 2 (அண்ணன், அண்ணி), அண்ணனுக்கு 1. மாஃபியா வென்றது.

பிறகு தெரிந்தவை

மறுநாள் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினேன். அண்ணி சொன்னது: “நேற்று ‘யாரும் வேண்டாம்’ என்று போட்டது கணக்கை நம்பி அல்ல. யாரைப் போடுவதென்று தெரியவில்லை. இரவில் படுத்து யோசித்தேன். தப்பு செய்தால்தான் அவள் இவ்வளவு காரணம் அடுக்குவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.” சரியான கணக்கைச் சொன்ன விதமே சொன்னவளைக் குற்றவாளி ஆக்கிவிட்டது. ஓட்டைத் தள்ளிப்போடச் சொல்வது காலம் கடத்தும் தந்திரமாகவும் தெரியும் என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

அத்தையிடம் கேட்டேன்: நான்காம் நாளாவது “நான் டாக்டர், குழந்தையைக் காப்பாற்றினேன்” என்று சொல்லியிருக்கலாமே? “சொன்னால் என்னை அனுப்பிவிடுவார்களே” என்றார். சொல்லாமலும் அனுப்பினார்கள் என்றேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, “சொல்லியிருந்தால் ஆரணிக்காரி பெற்ற பெண்ணுக்கே போட்டிருக்க மாட்டாள்” என்றார்.

என் பிழையும் ஒன்று உண்டு. ஓட்டு எப்படி விழ வேண்டும் என்பதிலேயே மூன்று ஆட்டமும் கவனமாக இருந்தேன். வெளிப்படையான ஓட்டில் மரியாதை கெடுத்தது, ரகசிய ஓட்டில் பொய் கெடுத்தது. மூடி வைத்துத் திறந்ததில் இரண்டும் குறைந்தன. ஆனால் தெரிந்ததை எப்போது சொல்வது என்பதைப் பற்றி யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. பெரும்பாலானோருக்கு இது புது ஆட்டம். முதல் நாளிலேயே நான் அதைப் பொதுவாக விளக்கியிருக்க வேண்டும்.

மாற்றிக்கொண்டவை

மூடி வைத்துத் திறக்கும் ஓட்டு தொடர்கிறது. ஓட்டோடு ஒரு வரி காரணமும் அனுப்ப வேண்டும். பெயரோடு அதையும் திறப்பேன். சின்ன மாமா முதல் ஆளாக ஒப்புக்கொண்டார், பேருந்தில் ஒரு வரி எழுத நேரம் உண்டாம். ஆறு பேர் மிஞ்சும் நாளில் போலீஸும் டாக்டரும் தெரிந்ததைச் சொல்லிவிடுவது நல்லது என்ற குறிப்பை விதிகளோடு சேர்த்திருக்கிறேன், கட்டாயம் இல்லை. கட்டாயமாக்கினால் அந்த நாளுக்காக மாஃபியா காத்திருக்கும் என்று பெரிய மாமா எச்சரித்தார், அது சரி என்று பட்டது. ஓட்டு முடியும் நேரத்தை 10.30க்கு மாற்றினோம்.

நான்காம் ஆட்டத்தில் ஊர் வென்றது. ஆனால் மாஃபியாவில் ஒருவர் ஊர்த் திருவிழாவுக்குப் போய் இரண்டு நாள் குழுப் பக்கமே வரவில்லை. அந்த வெற்றியை வைத்து விதியை மெச்ச முடியாது.

ஐந்தாவது அடுத்த வாரம் தொடங்குகிறது. அண்ணி ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறார்: மகள் ஆடும் ஆட்டங்களில் இனித் தன்னைக் கண்டக்டராகப் போட்டுவிட வேண்டும்.